யாழ்ப்பாணத்தில் கார் பராமரிப்பு: கிணற்றடியிலிருந்து தொடங்குவோம்

குசினியில் இருக்கும் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாக, சுரண்டினால் செதில் செதிலாகக் கழரும் ஒரு படை இருக்கும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரை நாலைந்து மாதம் கொதிக்க வைத்தால் அப்படித்தான் ஆகும். அதே தண்ணீரை நான் ஆறு வருடம் என் காரின் ரேடியேற்றருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தேன். குறைந்தால் கிணற்றடியில் ஒரு போத்தல் பிடித்து விட்டால் சரி என்ற பழக்கம். ஒரு சித்திரை மாத மத்தியானம், கொழும்புக்குப் போகும் வழியில், மாங்குளம் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பொனற்றைத் திறந்தால் ஆவி. பிறகு கராச்சில் ரேடியேற்றரை வெட்டிக் காட்டினார்கள். உள்ளே அதே கேத்தல் அடி. ரேடியேற்றர், தெர்மோஸ்டாற், ஹெட் காஸ்கெற் என்று செலவு போனது. மூன்று கிழமை பஸ்ஸில் திரிந்தேன்.

அந்த மூன்று கிழமையில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. நம் ஊரில் கார் ஓடித் தேய்வது குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போனாலே முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர்தான். காரைத் தின்பவை கிணற்று நீரும் கடல் உப்பும் செம்மண் புழுதியும். இவற்றோடு, முற்றத்தில் சும்மா நிற்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் கடையில் நமக்கு விற்கப்படும் சாமான்களில் பாதி இவற்றில் ஒன்றுக்கும் உதவாது. ஆகவே இந்த வழிகாட்டியையும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் கார் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே ஓடும் வாகன் ஆர், அக்வா, விட்ஸ், பிரியஸ் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தவை. கையேடு ஜப்பான் மொழியில் இருப்பதால் அது டாஷ்போர்டுப் பெட்டிக்குள்ளேயே பழசாகிவிடும். போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கும் வசதி இப்போது எல்லாரிடமும் உண்டு. எஞ்சின் ஒயில் தரம், கியர் ஒயில் தரம், கூலன்ற் (எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேற்றருக்குள் விடும் திரவம்) வகை, ரயர் காற்று அளவு, இந்த நாலையும் ஒரு கொப்பியில் எழுதிக் காருக்குள் வையுங்கள். ஒவ்வொரு சேர்விஸின் திகதியையும் மீற்றர் எண்ணையும் அதில் குறியுங்கள். கார் கைமாறும்போது அந்தக் கொப்பிக்கு இருக்கும் மதிப்பு புது சீற் கவருக்கு இல்லை.

தண்ணீர்: அதிக கவனம் இங்கேதான்

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் நம் கிணறுகளில் ஊறுகிறது. வரும் வழியில் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சூடானதும் அந்தக் கல்சியம் படிகிறது. ரேடியேற்றரின் குழாய்கள் மிக ஒடுக்கமானவை என்பதால் மெல்லிய படை போதும், ஓட்டம் குறைந்துவிடும். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும். அலுமினியத்துக்கு அதைவிடப் பகை இல்லை.

"இங்கே பனி கொட்டுகிறதா, கூலன்ற் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. உறைவதைத் தடுப்பது அதன் பாதி வேலைதான். சரிபாதி கலந்த கூலன்ற் வெறும் தண்ணீரைவிட ஆறேழு பாகை கூடக் கொதிக்கும். துருவைத் தடுக்கும், தண்ணீர்ப் பம்பின் சீலையும் காக்கும். நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்றோடு பழைய பச்சை வகையைக் கலந்தால் துருத்தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும். கலக்காமல் தயாராக வரும் போத்தலை வாங்கினால் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை. செறிவானதை வாங்கினால் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். சுட வைத்து ஆற வைத்த தண்ணீர் அதற்குப் பதிலாகாது.

இதுவரை கிணற்று நீர் விட்டு வந்தவர்கள் கழுவ வேண்டிய முறை இது:

1. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் தொடங்குங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.
2. ரேடியேற்றரின் அடித் திருகைத் திறந்து பழையதை ஒரு வாளியில் பிடியுங்கள்.
3. மூடிவிட்டு வடித்த நீர் நிரப்புங்கள். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேற்றர் விசிறி ஒரு தடவை சுற்றும் வரை எஞ்சினை ஓட விடுங்கள்.
4. ஆற விட்டு வடியுங்கள். வருவது தெளியும் வரை இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள்.
5. இப்போது கூலன்ற் நிரப்பி, மூடி திறந்தபடியே எஞ்சினை ஓட விட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ரேடியேற்றரோடு குழாயால் இணைந்திருக்கும் பக்கத்துப் போத்தலில் மேல் கோடு வரை நிரப்புங்கள்.
6. அடுத்த மூன்று காலைகளும் அளவைப் பாருங்கள். குறைந்தால் நிரப்புங்கள். குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் செய்யாமல் இருப்பது நல்லது. அக்வா, பிரியஸ் கார்களில் தண்ணீர்ப் பம்பு மின்சாரத்தில் ஓடுகிறது, காற்று எடுக்க ஸ்கானர் வசதி உள்ள கராச் வேண்டும். பெரிய பற்றறியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கென்று தனியாக இன்னொரு கூலன்ற் போத்தலும் உண்டு. அதை எட்டிப் பார்க்காதவர்களே அதிகம்.

வடித்த பழைய கூலன்றை வளவில் ஊற்ற வேண்டாம். அது இனிக்கும். நாயும் ஆடும் நக்கும், நக்கினால் சாகும். தவிர, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குவது மழை மட்டுமில்லை. நாம் ஊற்றுவதும் நம் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோதான் போகும். கழிவு ஒயிலும் அப்படியே. கானில் அடைத்து சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

உப்பு

பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வருபவர்கள், காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையோரம் குடியிருப்பவர்கள், எல்லாரும் இதைக் கவனியுங்கள். வாடைக்காற்றில் தாம்போதியைத் தாண்டும்போது கண்ணாடியில் படியும் பிசுபிசுப்பு காரின் அடியிலும் படிகிறது. அது நமக்குத் தெரிவதில்லை.

கடற்கரைக்குப் போய் வந்தால் இரண்டொரு நாளுக்குள் அடிப்பாகம் கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரால் என்பதுதான் கேள்வி. தீவுகளிலும் கரையோரங்களிலும் பல கிணறுகள் உவர். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. அந்தத் தண்ணீரால் காரைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். கழுவும் இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நன்னீர்க் கிணறு இருக்கும் ஊரில் கழுவுங்கள்.

சக்கர வளைவின் உட்பக்கம், சைலன்சரின் மேற்பக்கம், பிரேக் குழாய் ஓடும் பக்கம், பம்பருக்குப் பின்னால், இந்த இடங்களில்தான் உப்பு ஒளிந்திருக்கும். கதவுகளின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. உள்ளே போன மழைநீர் வடிய வைத்தவை. செம்மண் அடைத்தால் கதவு உள்ளிருந்து உக்கும். ஒரு ஈர்க்கால் குத்தி விடுங்கள், அரை நிமிட வேலை. கழுவி முடிந்ததும் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தால் பிரேக் காயும்.

கறுப்பாக அடிக்கும் அண்டர்கோட் பற்றிப் பலர் கேட்பார்கள். புதிதாக, துருவில்லாத காருக்கு, நன்றாகக் காய வைத்து அடித்தால் நல்லது. ஏற்கெனவே துருப்பிடித்த தகட்டின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததுபோல. வெளியில் மினுக்கமாக இருக்கும், உள்ளே தகடு கரையும். விற்பனைக்கு வரும் பழைய கார்களில் புதுக் கறுப்பைக் கண்டால் ஒரு திருகாணிச் சாவியால் தட்டிப் பாருங்கள்.

காரைக் கழுவிவிட்டு வெயிலில் காய விடாதீர்கள். கண்ணாடியிலும் பெயின்ற்றிலும் நிற்கும் வெள்ளைப் புள்ளிகள் கேத்தல் படையின் தங்கச்சிகள். மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடைக்க வேண்டும். கண்ணாடியில் ஏற்கெனவே பிடித்த புள்ளிக்கு, தண்ணீர் கலந்த வினாகிரி போதும்.

புழுதி

சோளகம் வீசும் மாதங்களில் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் தோட்டங்களுக்கிடையில் ஒரு கிழமை ஓடிவிட்டு எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். செங்கல் நிறத்தில் இருக்கும். கையேட்டில் எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் இங்கே 10,000 கிலோமீற்றரில் மாற்றுங்கள். இடையில் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யலாம். காற்றடித்தால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக அடிக்க வேண்டும். ஏசி பில்டர் பெரும்பாலும் டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதை மாற்ற கராச் தேவையில்லை.

ஹைபிரிட் காருக்கு இன்னொன்று. பின் சீற் பக்கத்தில் ஒரு காற்று வாய் இருக்கும். பெரிய பற்றறியைக் குளிர வைக்கும் விசிறி அதற்குள்தான். அதில் புழுதியும் நாய்மயிரும் அடைத்தால் பற்றறி சூடாகும், சூடான பற்றறியின் ஆயுள் குறையும். பாய், பயணப்பை, பிள்ளைகளின் புத்தகப்பை எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை விசிறியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஒயில்

சுருக்கமாகச் சொல்லலாம். 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுங்கள். "2,000தான் ஓடியிருக்கு" என்பவர்களுக்கே ஆறு மாதக் கணக்கு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து சந்தை என்று நாலு கிலோமீற்றர் ஓடி நிற்கும் எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. பெற்றோலும் ஈரமும் ஒயிலுக்குள் தங்கும். ஒயில் மூடியின் அடியில் பால் நிறப் பசை கண்டால், கூலன்ற் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். குறையாவிட்டால் காரணம் இதுதான்.

"நம்ம வெயிலுக்குத் தடிச்ச ஒயில் விட வேணும்" என்று சொல்லும் அண்ணைமாரைக் கோபிக்க முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய ஊர் இது. அந்த எஞ்சினுக்கு அது சரி. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலைக் கேட்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை விட்டால் ஒயில் போக வேண்டிய சின்னத் துவாரங்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-30 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சி.வி.ரி. கியர் (பட்டியால் இயங்கும் ஓட்டோ கியர்) உள்ள காருக்கு அந்தக் கொம்பனி சொன்ன ஒயில் மட்டுமே. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை விட்டால் உள்ளே இருக்கும் பட்டி வழுக்கும், பிறகு கியர்பெட்டியே போகும். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், நம் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு வருடத்தில் மாற்றுங்கள்.

ரயர், பற்றறி, நிற்கும் கார்

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. ரயரின் பூ (றோட்டைத் தொடும் பக்கத்து வெட்டுகள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. வெயிலில் நின்றே ரப்பர் வெடிக்கும். ஐந்து ஆறு வருடம் தாண்டினால் தூர ஓட்டத்துக்கு நம்பாதீர்கள். வாங்கும்போதும் அந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். காற்று அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும், கிலோபஸ்கால் கணக்கில். 230 என்றால் 33 பி.எஸ்.ஐ. காலையில், ரயர் சூடாகுமுன் பிடியுங்கள். நைதரசன் காற்றுக்குக் காசு கொடுக்க நினைப்பவர்களுக்கு: சும்மா காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான்.

பல அக்வா, வாகன் ஆர் கார்களில் ஸ்பெயார் ரயர் இல்லை. பஞ்சருக்கு ஒரு பசைப் போத்தலும் சின்னப் பம்பும் மட்டும். அந்தப் போத்தலின் காலாவதித் திகதியை இன்றைக்கே பாருங்கள். ஜப்பானிலேயே முடிந்திருக்கும்.

பற்றறியைக் கொல்வது சூடு. இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு சேர்விஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். மூடி திறக்கும் வகையென்றால் வடித்த நீர் மட்டும்.

இப்போது நிற்கும் கார். கனடாவில் இருக்கும் தம்பியின் கார் நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வரும்வரை முற்றத்தில் நிற்கும். காரை மூடிய உறையின் கீழே அது வேறு உலகம்: அணில் கூடு, எலி கடித்த வயர், ஒட்டிப்போன பிரேக். பத்து நாளைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் றோட்டில் ஓட்டுங்கள். முற்றத்தில் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி நிறுத்துவது பற்றறியை இன்னும் இறக்கும். ஹான்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கல்லு வையுங்கள். பொலித்தீன் உறை வேண்டாம், ஈரத்தையும் உப்பையும் உள்ளே பிடித்து வைக்கும். கொட்டில் போதும். தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடையில் விற்கும் சாமான்கள்

பெற்றோல் குழாயில் பூட்டும் காந்தம், சிகரெற் லைற்றரில் செருகும் "பெற்றோல் சேவர்", தண்ணீரில் ஓட வைக்கும் பெட்டி: காசைக் கோயில் உண்டியலில் போட்டால் புண்ணியமாவது கிடைக்கும். ஒயிலுக்குள் விடும் "எஞ்சின் ரிப்பேர்" போத்தலும் எனக்கு நம்பிக்கை இல்லாத சாதி. பழைய எஞ்சினுக்கு எஞ்சின் ஃபிளஷ் (உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கும் திரவம்) விடுவது ஆபத்து. ஒரேயடியாகக் கரைந்த அழுக்கு ஒயில் போகும் வழியை அடைக்கும். இன்ஜெக்ரர் கிளீனர் மட்டும், நல்லதாக இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை விடலாம். 92 ஒக்ரேன் போதும் என்று கையேடு சொல்லும் காருக்கு 95 அடித்தால் பலம் கூடாது.

ஹலஜன் லைட்டின் கூட்டுக்குள் எல்.ஈ.டி. குமிழ் பூட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உங்களுக்கு வெளிச்சமாகத் தெரியும், எதிரே சைக்கிளில் வருபவருக்குக் கண் போகும். மேலதிக லைட், சத்தமான சைலன்சர், கூடுதல் ஹோர்ண் எல்லாவற்றையும் 2025 தை மாதம் தொடக்கம் பொலிஸார் பிடித்துக் கழற்ற வைத்ததும் நினைவிருக்கும். சீற்றின் பக்கத்தில் எயார்பாக் உள்ள காருக்கு முழுக்க மூடும் சீற் கவர் போட்டால் பாக் சரியாக விரியாமல் போகலாம். அண்ட்ரொயிட் பிளேயர் பூட்டுபவர் வயரை வெட்டி முறுக்கி ரேப் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். சொக்கெற் வைத்துப் பூட்டுபவரைத் தேடுங்கள்.

வாங்கத் தக்கவையும் உண்டு. முதலாவது, காரின் கணினி சொல்வதைப் போனில் காட்டும் சின்ன ஓ.பி.டி. கருவி. வாகன் ஆர், அக்வா போன்ற கார்களில் சூட்டு மீற்றர் முள் இல்லை, நீலமும் சிவப்பும் விளக்குகள்தான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் நேரம் பிந்திவிடும். இந்தக் கருவி எஞ்சின் சூட்டை எண்ணாகக் காட்டும். வழமையாக 85 முதல் 95 பாகைக்குள் நிற்பது 103, 105 என்று ஏறினால் அப்போதே நிறுத்தலாம். அன்று என்னிடம் இது இருந்திருந்தால் ஹெட் காஸ்கெற் தப்பியிருக்கும். அடுத்தது முன்னால் பூட்டும் கமெரா, பிறகு 12 வோல்ற் காற்றுப் பம்பு. மற்றதெல்லாம் ஆசை, அதில் தலையிட மாட்டேன்.

ஓட்டம்: ஒழுங்கையும் ஏ9 வீதியும்

ஒழுங்கை முடக்குகளில் மதிலும் வேலியும் பார்வையை மறைக்கும். ஹோர்ண் அடித்துவிட்டு, யாரும் வரவில்லை என்று நம்பாமல், நடக்கும் வேகத்தில் திரும்புங்கள். படலை இல்லாத றெயில் கடவையில் ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதால் கேளுங்கள். இரவில் லைட் இல்லாத சைக்கிள் ஒன்று இடப்பக்கம் கட்டாயம் இருக்கும் என்று நினைத்தே ஓட்டுங்கள். மாரியில் றோட்டில் வெள்ளம் நின்றால், முன்னால் போகும் பஸ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அக்வா போன்ற தாழ்ந்த காரில் எயார் பில்டர் வாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சின் அந்த இடத்திலேயே உடையும். நின்றுவிட்டால் திரும்ப ஸ்ராட் பண்ணாதீர்கள், தள்ளுங்கள்.

புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் காரை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். குளிர்ந்த எஞ்சின் காரணமில்லாமல் தோற்கும்.

கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெளிக்கிடுமுதல் நாள் மாலையே கூலன்ற், ஒயில், காற்று, பிரேக் லைட் பார்த்துவிடுங்கள். ஆனையிறவு தாண்டினால் வீதி நேராகப் போகும், கால் தானாக அழுத்தும். நகருக்கு வெளியே காருக்கு 70 என்பதைப் பொலிஸார் மறப்பதில்லை. கிளிநொச்சி தொடக்கம் மாடுகள் இரவில் சூடான தாரில் படுத்திருக்கும். கறுப்பு மாடு லைட்டுக்குள் வரும்போது தூரம் போதாது. வவுனியா தாண்டினால் யானைக்கும் வாய்ப்புண்டு. முடிந்தால் விடியப் புறப்பட்டுப் பகலில் ஓட்டுங்கள்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லாரும் நிறுத்துகிறோம். தேங்காய் உடைத்துவிட்டு வரும்போது காரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நாலு ரிம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக அடித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரயர் சூட்டில் காற்றுக் கூடியிருந்தால் திறந்து விடாதீர்கள், ஆறினதும் குறைந்துவிடும். காருக்கு அடியில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஏசித் தண்ணீர் தெளிவாக இருக்கும், நிறமும் பிசுக்கும் இருந்தால் விசாரிக்க வேண்டும்.

வழியில் சூடு ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீற்றரை முழுக்கத் திறங்கள், ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வந்தால் எஞ்சினை அணையுங்கள். அரை மணித்தியாலமாவது மூடியில் கை வைக்கக் கூடாது. உதவ வருபவர் வாளியோடு வருவார், நல்ல மனதோடுதான் வருவார். குளிர்ந்த தண்ணீரைச் சூடான எஞ்சினில் ஊற்ற விடாதீர்கள். ஆறிய பிறகு வேறு வழியில்லையென்றால் போத்தல் குடிநீரை விட்டு அருகிலுள்ள கராச்சுக்குப் போங்கள். வீடு வந்ததும் அதை வடித்துக் கழுவி, கூலன்ற் நிரப்பி, கொப்பியில் திகதியைக் குறியுங்கள்.